ஆங்கில நகைச்சுவை நாடகம்: முதல் வகுப்பில் எதைக் கொடுப்பது?

கரும்பலகை:
பி.ஏ. முதலாண்டில் ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' பாடம். வரிக்கு வரி அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு செத்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: முதல் வகுப்பில் வைல்டே வேண்டாம். ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' (1777) நான்காம் அங்கத்தின் தட்டிக் காட்சியை நடிக்க விடுங்கள். லேடி டீஸிலை மயக்கப் பார்க்கும் ஜோசப்பின் அறையில் அவள் இருக்கும்போது அவள் கணவர் சர் பீட்டர் வந்துவிடுகிறார். அவள் தட்டிக்குப் பின்னால் ஒளிகிறாள். மனைவிக்கு ஆண்டுக்கு 800 பவுண்டு எழுதிவைக்கப் போவதாக அவர் சொல்வது அவள் காதில் விழுகிறது. அடுத்து ஜோசப்பின் தம்பி சார்ல்ஸ் வர, இப்போது கணவர் அலமாரி அறைக்குள். தட்டிக்குப் பின்னால் இருப்பது ஒரு பிரெஞ்சுத் தையல்காரி என்று அவரிடம் ஏற்கனவே புளுகியாயிற்று! கடைசியில் சார்ல்ஸ் தட்டியைத் தள்ளிவிடுகிறான். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். சிரிப்பு அங்கேதான்.

நூலகவாசி:
ஒளிந்து விளையாடுவதுதான் காமெடி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள் சார். வைல்டின் பலமே வாக்கியம். பெண் கேட்டு வந்த ஜாக்கைப் பெண்ணின் தாய் லேடி பிராக்னெல் விசாரிக்கும் இடத்தைப் பாருங்கள். புகைபிடிப்பேன் என்கிறான். ஆணுக்கு ஏதாவது ஒரு தொழில் வேண்டும்தானே என்று மகிழ்கிறாள். பெல்கிரேவ் சதுக்கத்தில் வீடு இருக்கிறது, ஆனால் ஃபேஷன் இல்லாத பக்கத்தில். விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கிடந்த குழந்தை அவன் என்றதும் சம்பந்தமே முறிகிறது. 1895 லண்டன் மேட்டுக்குடி மொத்தமும் அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது. அதற்கு வாசிப்புதான் வேண்டும், நடிப்பு அல்ல.

கரும்பலகை:
அதே நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக்கு வாருங்கள். இல்லாத தம்பி எர்னஸ்ட் பாரிஸில் செத்துப்போனதாகக் கதைகட்டி, ஜாக் முழுத் துக்க உடையில் மெதுவாக மேடைக்கு வருகிறான். அவன் நண்பன் ஆல்ஜர்னனோ எர்னஸ்ட் என்று பெயர் சொல்லிக்கொண்டு சற்று முன்புதான் ஜாக்கின் வீட்டுக்குள் போயிருக்கிறான். ஜாக் வாயே திறக்கவில்லை, அரங்கம் சிரித்துவிடும். புத்தகத்தில் அது ஒரு மேடைக் குறிப்பு, மாணவன் தாண்டிப் போய்விடுவான். உங்கள் வைல்டே என் பக்கம்தான் மேடம்.

ஓரத்து இருக்கை:
ரெண்டு பேருமே ஷேக்ஸ்பியரை ஏன் ஒதுக்குகிறீர்கள்? 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோவை எடுங்கள். எஜமானி காதலிப்பதாகப் போலிக் கடிதம், அதை நம்பி மஞ்சள் காலுறையோடு இளித்துக்கொண்டு நிற்கிறான். 1602 பிப்ரவரியில் லண்டனின் மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் இதைப் பார்த்த சட்ட மாணவர் ஜான் மேனிங்ஹம், அந்தக் கடித வேலையை நல்ல தந்திரம் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அதே ஆளைப் பைத்தியம் என்று இருட்டறையில் அடைக்கிறார்கள். கொஞ்சம் முன்பு சிரித்த பையன் அங்கே நெளிவான். எனக்கு அந்த நெளிவுதான் வேண்டும்.

நூலகவாசி:
நெளிவதற்கு முன்னால் அவன் சிரிக்க வேண்டுமே! அதில் வரும் கோமாளியின் பாதிச் சிலேடைக்கு அடிக்குறிப்பு வேண்டும். குறிப்பைப் படித்துவிட்டு யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இந்த ஒரு விஷயத்தில் கரும்பலகை சார் பக்கம் நிற்கிறேன். ஆனால் தட்டிக் காட்சிக்கும் ஒரு நிபந்தனை. நடித்து முடித்த கையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: 800 பவுண்டு பேச்சை எடுத்துவிட்டால், தட்டி விழுந்ததும் லேடி டீஸில் மனம் மாறுவதை நம்ப முடியுமா? அது வசனத்தில் இருக்கிறது, தட்டியில் இல்லை.

கரும்பலகை:
கேள்வி நல்ல கேள்வி, கேட்கிறேன். ஆனால் தட்டி விழுந்த பிறகுதான். தட்டிக்கு ரெண்டு நாற்காலியும் ஒரு போர்வையும் போதும். லேடி டீஸிலாக நிற்கப் போகிறவளிடம் வசனத்தைவிட முதலில் சொல்லப் போவது, ஒட்டுக்கேட்கும்போது அசையாதே என்பதுதான்.

ஓரத்து இருக்கை:
இருட்டறைக் காட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாம் செமஸ்டரில் வைத்துக்கொள்கிறேன்.