எஸ்எஸ்சி ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

எல்லோருக்கும் வணக்கம். தம்பி எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்கு, அதாவது பட்டதாரிகளுக்கான மத்திய அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிறான், தமிழ் வழியில் படித்தவன், கணக்கும் ரீசனிங்கும் நன்றாகவே போடுகிறான். ஆங்கிலத்தில்தான், அதிலும் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எதில் பிழை என்று கேட்பார்களே, அங்கே திணறுகிறான். முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும் என்பதால் குத்துமதிப்பாகக் குறிக்கவும் பயம்.

'டிட் நாட் வென்ட்' மாதிரி பிழைகளை உடனே பிடித்துவிடுகிறான். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வேறு சொற்கள் வந்தால்தான் சிக்கல். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் குட்' என்று இருந்தால் பக்கத்தில் உள்ள மேங்கோஸைப் பார்த்து 'வேர்' சரி என்று விட்டுவிடுகிறான். உண்மையில் எழுவாய் குவாலிட்டி, 'வாஸ்' வர வேண்டும். 'ஆஃப்' தொடங்கும் பகுதியை மறைத்துவிட்டுப் படி என்று சொன்னேன், ஓரளவு பலன் தெரிகிறது.

ஆனால் 'டிஸ்கஸ் அபௌட்', 'சீனியர் தேன்' இதையெல்லாம் எப்படிப் பழக்குவது? வெறும் 'டிஸ்கஸ்' போதும், 'சீனியர் டு' என்றுதான் வரும் என்று மனப்பாடம் செய்கிறான், அடுத்த வாரம் மறந்துவிடுகிறான். ஏ, ஆன், தி எங்கே வரும் என்பதும் அப்படித்தான்.

தமிழ் வழியில் படித்து இந்தத் தேர்வில் தேறியவர்கள் யாராவது இருந்தால், விதிகளை முதலில் முடித்தீர்களா, இல்லை பழைய வினாத்தாள்களைப் போட்டே கற்றீர்களா என்று சொல்லுங்கள். தமிழில் விளக்கத்தோடு விடைகள் இருந்தால் அனுப்புங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.