அட்டனுக்கு மேல் ஓசோன் 1996இல் தொப்பென்று விழுகிறது, எங்கே பிழை?

கொழுந்துக்கூடை:
வணக்கம். அட்டன் பக்கம் ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதீகம் எடுக்கிறேன். “1987இல மொன்றியல்ல ஓசோனைக் காப்பாத்த நாடெல்லாம் கையெழுத்துப் போட்டாங்களே, நம்ம தலைக்கு மேல ஓசோன் கூடியிருக்கா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நாசாவின் டொம்ஸ் (செய்மதியிலிருந்து ஓசோனை அளக்கும் கருவி) கோப்புகளை இறக்கினேன். 1993 வரை நிம்பஸ்-7 செய்மதி, 1996 முதல் ஏர்த் புரோப் செய்மதி, பிறகு ஓமி என்ற புதிய கருவி. அட்டன் விழும் அகலாங்கு-நெட்டாங்குக் கட்டத்துக்கு மாதச் சராசரி போட்டேன்.

நிம்பஸ் காலத்தில் 250, 260 டொப்சன் அலகு (தலைக்கு மேல் உள்ள மொத்த ஓசோனின் அளவு). ஏர்த் புரோப் தொடங்கியதும் 160! அண்டார்டிக்காவிலேயே 220க்குக் கீழே போனால்தான் ஓட்டை என்பார்கள். 1998இல் தானாகவே எழும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு போக்கைக் காட்டும் கோடு போட்டால், தொடக்க வருசத்தை மாற்ற மாற்ற ஏறுது, இறங்குது.

மூடுபனி:
சேர், சராசரியை விடுங்க. 1997இல ஏதாவது ஒரு மாசத்தை நாள் நாளா பாருங்க. 0 இருக்கா?

கொழுந்துக்கூடை:
ஐயோ. இரண்டு நாள் எண், அடுத்த நாள் 0. மாசம் பூரா இப்படித்தான்.

மூடுபனி:
அந்தக் கோப்புல 0ன்னா “அளக்கல”ன்னு அர்த்தம். நீங்க அதையும் கூட்டி வகுத்திருக்கீங்க. ஏர்த் புரோப்பை முதல்ல 500 கிலோமீற்றர் உயரத்துலதான் சுத்த விட்டாங்க. மொத்த பூமியையும் பாக்க ஜப்பானோட அடியோஸ் செய்மதில இன்னொரு டொம்ஸ் இருந்துச்சு. தாழப் பறந்தா பாக்கிற பட்டை ஒடுங்கும், ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல இடைவெளி விழும். அது மத்தியகோட்டுப் பக்கந்தான் பெரிசு, நாமளும் அங்கதான இருக்கோம். 1997 ஜூன்ல அடியோஸ் செத்துப்போச்சு. அந்த டிசம்பர்ல ஏர்த் புரோப்பை 740க்கு ஏத்தினாங்க. உங்க ஓட்டை “ஆறின” நேரம் அதுதான்.

பண்டாரவளைக்காரன்:
அப்ப நுவரெலியா வெயில்ல முகம் கறுக்கிறது?

மூடுபனி:
அது ஏறக்குறைய 1870 மீற்றர் உயரம் தம்பி. ஓட்டை இல்ல.

சேர், ஏறுது இறங்குதுன்னீங்களே, அதுதான் பெரிய விசயம். மத்தியகோட்டுக்கு மேல படைமண்டலக் காற்று (ஓசோன் இருக்கிற உயர அடுக்கோட காற்று) சுமார் 28 மாசத்துக்கு ஒருக்கா கிழக்கு மேற்கா திசை மாறி வரும். அதுல மட்டும் பத்து அலகு அளவு ஆடும். சூரியனோட 11 வருசச் சுழற்சிக்கு இன்னும் சில அலகு. துருவம் தவிர்ந்த இடங்கள்ல மொத்த ஓசோன் மீளுறது பத்தாண்டுக்கு 0.3 வீதம் அளவு, அதாவது ஒரு அலகுகூட இல்ல. ஒரே கட்டத்துல அத தேடுறது கொட்டுற மழையில குழாய் ஒழுகுதான்னு பாக்கிற மாதிரி. போதாததுக்கு 2000க்குப் பிறகு ஏர்த் புரோப்போட கண்ணாடி கெட்டு அளவு நகர ஆரம்பிச்சது. அத வச்சு போக்கு சொல்லாதீங்கன்னு நாசாவே எச்சரிச்சிருக்கு.

40 கிலோமீற்றர் உயரத்துல பாருங்க. ஓசோனை அழிக்கிற குளோரின் நேரடியா அடிக்கிறது அங்கதான், மீட்சியும் அங்கதான் தெளிவு: பத்தாண்டுக்கு 1 முதல் 2 வீதம்.

கொழுந்துக்கூடை:
0ஐ எடுத்ததும் பள்ளம் போய்விட்டது. நன்றி. 40 கிலோமீற்றருக்கு எதை இறக்குவது? என் டொங்கிளில் டேட்டா கொஞ்சந்தான், மூடுபனி இறங்கினால் (உங்களைச் சொல்லவில்லை) அதுவும் இழுக்காது.

மூடுபனி:
எஸ்பியுவின்னு, உயரம் உயரமா ஓசோனை அளக்கிற செய்மதிக் கருவிகளை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இணைச்ச மாதத் தொகுப்பு நாசாகிட்ட இருக்கு. வெறும் எழுத்துக் கோப்பு, சின்னது. வடக்கு அகலாங்கு 5–10 பாகைப் பட்டைய எடுங்க. முதல்ல இல்லாத நாளுக்கு என்ன எண் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு!