மால்வர்ன் வசந்த விழா ஷோ கார்டன்: செடி எண்ணிக்கை, தோண்டாமல் குளம், பிரீஃப்

ஈரநிலம்:
வணக்கம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஆர்.எச்.எஸ் (அரச தோட்டக்கலைக் கழகம்) மால்வர்ன் வசந்த விழாவுக்கு ஒரு சின்ன ஷோ கார்டன் (விழாவுக்காகக் கட்டிப் பிறகு பிரித்துவிடும் காட்சித் தோட்டம்) விண்ணப்பம் போடலாம் என்று வரைந்துகொண்டிருக்கிறேன். 6×4 மீட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமும் வலப்பக்கமும் பார்வையாளர் நிற்பார்கள். கரு மழைநீர்த் தோட்டம். கொட்டகைக் கூரை 2×1.5 மீட்டர்; அதில் விழும் நீர் 30 செ.மீ அகலத் தகடு வழியாக 3×1.2 மீட்டர் குளத்தில் விழும், குளம் நிரம்பினால் பாத்திக்குப் போகும். மரம் ஒன்றே ஒன்று, பல தண்டுள்ள பெட்டுலா நைக்ரா (ஆற்று பிர்ச்). மற்றதெல்லாம் கழித்தால் நடவுப் பரப்பு 13 சதுர மீட்டர் வருகிறது.

மூன்று சந்தேகம். செடி எத்தனை, எப்போது சொல்லி வைப்பது? (இப்போதைய பட்டியல்: ஃபாக்ஸ்குளோவ், லூபின், தாடி ஐரிஸ், வெர்பாஸ்கம், பாத்தியில் கால்தா, பிரிமுலா ஜப்பானிகா.) ஆழமாகத் தோண்ட விடவில்லை என்றால் குளத்தையும் மரத்தையும் எப்படி வைப்பது? நடுவர்கள் பிரீஃபை (தோட்டம் எதற்கு, யாருக்கு என்று நாமே எழுதிக் கொடுக்கும் குறிப்பு) எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள்?

நாற்றுமேடை:
பட்டியலின் முதல் பாதி அப்படியே செல்சீ, அதாவது ஆர்.எச்.எஸ்ஸின் லண்டன் மலர்க் கண்காட்சிக்கு உரியது. செல்சீ மே கடைசியில் நடக்கிறது, மால்வர்ன் மே தொடக்கத்தில். இரண்டு வாரம்தானே என்று தோன்றும். ஆனால் லூபினும் தாடி ஐரிஸும் மொட்டிலிருந்து பூவுக்கு வருவதே அந்த இரண்டு வாரத்தில்தான். சூடேற்றிய கூடாரத்தில் முடுக்கிவிட்டால் பூ வரும், தண்டு நீண்டு தளர்ந்துவிடும். மலையடிவாரத் திறந்த திடலில் காற்று ஒரு மதியம் அடித்தால் போதும், எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

மே தொடக்கத்தில் தானாகவே நல்ல நிலையில் இருப்பவற்றை எடுங்கள்: கமாசியா லைக்ட்லினி, ஜியம் ரிவாலே, அக்விலீஜியா, புரூனெரா, ஆந்த்ரிஸ்கஸ் 'ரேவன்ஸ்விங்', புதுக் குருத்து விரியும் மட்டியூசியா பெரணி, டெஷாம்ப்சியா, கேரெக்ஸ். ஐரிஸ் சிபிரிக்கா பெரும்பாலும் மொட்டாகத்தான் இருக்கும், கத்தி போன்ற அதன் இலைக்காகவே வைக்கலாம். இந்தப் பருவத்தில் பூவை விட இலைதான் தோட்டத்தைத் தூக்கி நிறுத்தும். பூ இருபது சதவீதம் இருந்தாலே கண்ணுக்கு நிறைய.

எண்ணிக்கைக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்தில் சதுர மீட்டருக்கு 5 முதல் 9 செடி நட்டு வளரவிடுவோம். இங்கே வளர நேரமில்லை, சராசரி 18 போடுங்கள். 13×18 = 234. வாடியது, ஒடிந்தது, பூ முந்தியது என்று ஐந்தில் ஒரு பங்கு கழிந்துபோகும். எனவே சுமார் 290 வாங்க வேண்டும். ஓரத்துக்கு 9 செ.மீ தொட்டி, நடுவில் 1, 2 லிட்டர், பெரணிக்கு 3 லிட்டர். எல்லாமே 2 லிட்டரில் எடுத்தால் ஒரே உயரத்தில் நின்று நர்சரி விற்பனை மேசை போல இருக்கும்.

வளர்த்துக் கொடுப்பவரிடம் முந்தைய கோடைக்குள் பேசி முடியுங்கள். கமாசியா கிழங்கு அக்டோபரில் தொட்டிக்குப் போக வேண்டும், 2 லிட்டருக்கு மூன்று கிழங்கு. முக்கியமான இனம் ஒவ்வொன்றையும் மூன்று கூட்டமாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்: ஒன்று சூடேற்றாத கூடாரத்தில், ஒன்று வெளியில், ஒன்று வடக்குச் சுவரின் நிழலில். வசந்தம் முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒரு கூட்டம் கைகொடுக்கும். கூடாரத்தில் இருந்தவை திடலுக்குப் போகும் முன் ஒரு வாரம், பத்து நாள் வெளியில் நின்று பழக வேண்டும். மட்டியூசியாவின் இளங்குருத்து ஒரே இரவு உறைபனியில் கறுத்துப் போகும், மே தொடக்கத்தில் அது நடக்கக்கூடியதுதான். செடியைப் பனியிலிருந்து மூடிக் காக்க, சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள ஃபிளீஸ் துணி ஒரு சுருள் லாரியிலேயே இருக்கட்டும்.

எந்தச் செடிக்கும் பிளான்ட் பாஸ்போர்ட் (செடி எங்கிருந்து வந்தது என்று காட்டும் சான்றுச் சீட்டு) கேட்டு வாங்கி வையுங்கள். லாவெண்டர், ரோஸ்மேரி, ஆலிவ் போன்ற சைலெல்லா பாக்டீரியா நோய் தொற்றக்கூடிய இனங்களுக்குக் கெடுபிடி அதிகம். உங்கள் கருவுக்கு அவை தேவையும் இல்லை.

மட்டப்பலகை:
தோண்ட முடியாது என்றே எடுத்துக்கொண்டு வரையுங்கள். திடலுக்கு அடியில் குழாயும் மின்கம்பியும் ஓடும். அனுமதிக்கும் ஆழம் விழாக்காரர்கள் தரும் கட்டுநர் கையேட்டில் இருக்கும். தோண்ட விட்டால் லாபம்.

தரைமட்டத்தைத் தீர்மானிப்பது குளம் இல்லை, மரம். மூன்றரை மீட்டர் உயரப் பெட்டுலா 70 முதல் 100 லிட்டர் தொட்டியில் வரும், தொட்டி உயரம் 45 செ.மீ பக்கம். பாத்தி விளிம்பு 25 செ.மீ, மரத்தடியில் 50 என்று மண்ணை ஏற்றிக்கொண்டு போங்கள். மேடு கொட்டகைப் பக்கம் போகட்டும், பார்வையாளர் பக்கம் தாழட்டும். மரத்தை முதல் நாளே இறக்கிவிடுங்கள். பாதை போட்ட பிறகு டெலிஹேண்ட்லர் (சுமை தூக்கும் வண்டி) உள்ளே வராது. இறக்கும்போதே இரண்டு திறந்த பக்கத்திலும் ஆளை நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள். நின்ற பிறகு திருப்புவது பெரும்பாடு.

குளம்: 200×100 மி.மீ ஸ்லீப்பர் (தடித்த மரக்கட்டை) இரண்டு வரிசை, உள்ளாழம் 35, நீர் 30 செ.மீ. கொள்ளளவு 1,080 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கு மேல். 3 மீட்டர் பக்கச்சுவரை இந்த நீர் வெளியே தள்ளும் விசை சுமார் 135 கிலோ எடைக்குச் சமம். மூலையில் மட்டும் திருகு போட்டால் நடுவில் பிதுங்கும். 5 மி.மீ பிதுங்கினாலே குள விளிம்பில் பதித்த மேற்கல்லின் மூட்டு திறந்து தெரியும். நடுவில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். கருநிற நீரில் அது தெரியாது.

விரிப்பு ஈபிடிஎம் ரப்பர். நீளம் 3 + இருபுறம் 0.35 + மடிப்பு இருபுறம் 0.3 = 4.3 மீட்டர். அகலம் அதே கணக்கில் 2.5. அடியில் ஃபெல்ட் துணி. கல் வெட்டும் வேலை முழுக்க முடிந்த பிறகே நீர் நிரப்புங்கள், இல்லையென்றால் மேலே சாம்பல் படலம் மிதக்கும், வலை போட்டு எடுத்தாலும் போகாது. நிரப்பி ஒரு நாள் விட்டு மேற்கல் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், சுமை ஏறியதும் புல்தரை அமுங்கும். நீர் ஒரு மூலையில் விளிம்பைத் தொட்டு எதிர் மூலையில் ஒரு விரற்கடை கீழே நின்றால் அதை எந்தச் செடியாலும் மறைக்க முடியாது.

தகடு வழிந்து விழ ஒரு செ.மீ அகலத்துக்கு மணிக்கு 100 முதல் 150 லிட்டர். 30 செ.மீ தகட்டுக்கு 3,000 முதல் 4,500. பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே ஏற்றாதபோது கிடைப்பது, நீங்கள் ஏற்றும் உயரத்துக்கு என்ன வரும் என்று அதன் வரைபடத்தில் பாருங்கள். விழும் உயரத்தை 30 செ.மீ-க்குள் வையுங்கள். நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெறிக்கும், குளமோ 1.2 மீட்டர்தான் அகலம். மின் இணைப்பு 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி (மின்கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) வழியாக.

பாதைக் கல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டாதீர்கள். இறுக்கிய ஜல்லி, மேலே சலித்த மணல், உலர் பதிப்பு போதும். கல் முழுசாகத் திரும்பி வரும். 2015-இன் சிடிஎம் (கட்டுமானப் பாதுகாப்பு) விதிகள் ஷோ கார்டன் கட்டுமானத்துக்கும் பொருந்தும், எனவே இடர் மதிப்பீட்டையும் வேலை முறைக் குறிப்பையும் முன்பே எழுதி வையுங்கள்.

கரிசல்:
மூன்றாவது கேள்விதான் உங்கள் பதக்கம்.

ஆர்.எச்.எஸ் நடுவர்கள் ஒரு தோட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு முதல், இரண்டாம் இடம் கொடுப்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த பிரீஃபோடு, ஒரு தரத்தோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி கில்ட், வெள்ளி, வெண்கலம் என்று தருகிறார்கள். எல்லாருக்கும் தங்கம் கிடைக்கலாம், ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். அதனால் பிரீஃபில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் பரீட்சை. சக்கர நாற்காலிக்காரருக்கு என்று எழுதிவிட்டு 60 செ.மீ பாதையும் தளர்ந்த சரளையும் போட்டால் அந்த ஒரு வரியே மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

இப்போது உங்கள் கரு. கூரை 3 சதுர மீட்டர். 10 மி.மீ மழை பெய்தால் 30 லிட்டர் வரும். 1,080 லிட்டர் குளத்தைக் கூரை மட்டும் நிரப்ப 360 மி.மீ மழை வேண்டும். "கூரை நீரால் நிரம்பும் குளம்" என்று எழுதினால் கணக்குத் தெரிந்த நடுவர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். குளம் நிலையான நீர்ப்பரப்பு, மழையின்போது கூரை நீர் அதில் சேர்ந்து மிகுதி பாத்திக்கு வழிகிறது, விழாவில் பம்ப் அந்த ஓட்டத்தைக் காட்டுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பட்டியலின் இரண்டாம் பாதியிலும் இதே சிக்கல்தான். மழைநீர்ப் பாத்தி சதுப்பு நிலம் இல்லை. ஒழுங்காகச் செய்த பாத்தியில் தேங்கும் நீர் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும், கோடையில் வாரக்கணக்கில் காய்ந்தும் கிடக்கும். கால்தாவும் பிரிமுலா ஜப்பானிகாவும் எப்போதும் ஈரம் கேட்பவை. விழா நாள்களில் பளபளவென்று நிற்கும், சரி. ஆனால் இந்தத் தோட்டம் நிஜமாக இருந்தால் ஆகஸ்டில் இவை பிழைக்குமா என்று பார்ப்பதுதான் நடுவர் வேலை. கால்தாவைக் குளத்துக்குள் கூடையில் வையுங்கள், அங்கே அது நியாயம். பிரிமுலாவை விட்டுவிடலாம். பாத்தியின் தாழ்ந்த நடுவில் ஐரிஸ் சிபிரிக்கா, கமாசியா, டெஷாம்ப்சியா. சரிவில் ஜியம், கேரெக்ஸ். மேட்டு நிழலில் பெரணி. தாழ்விலிருந்து மேட்டுக்குச் செடி மாறுவது பார்வையாளருக்கே தெரிந்தால் கருவை விளக்கிப் பலகை வைக்க வேண்டியதில்லை.

2022 செல்சீயில் சிறந்த ஷோ கார்டன் விருதை வாங்கிய ரீவைல்டிங் பிரிட்டன் தோட்டத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். லுலு அர்குஹார்ட்டும் ஆடம் ஹன்ட்டும் செய்தது. பீவர் அணை, அதன் பின்னால் குளம், சுற்றிலும் பெரும்பாலும் நாட்டுச் செடிகள். எந்தச் செடி நீரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஈரநிலம்:
360 மி.மீ கணக்கைப் பார்த்ததும் பிரீஃபைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். மூவருக்கும் நன்றி. இன்னொன்று: செடியைத் தொட்டியோடு வைப்பதா, கழற்றி நடுவதா?

நாற்றுமேடை:
தொட்டியோடுதான். முந்திப் பூத்துவிட்டதை ஒரு நிமிடத்தில் மாற்றலாம், தனித்தனியாக நீர் ஊற்றலாம், விழா முடிந்ததும் சேதமில்லாமல் வேறிடம் போகும். இடைவெளியில் மண் கொட்டாதீர்கள், மெல்லிய மக்கிய பட்டைத்தூள் போதும். தொட்டிக்கு இடையே 20 செ.மீ ஆழம், பாதியிடம் தொட்டி என்றால் 1.3 கன மீட்டர். மேலே 3 செ.மீ பரப்ப 0.4. பெரிய மூட்டை இரண்டு வாங்கினால் சரியாக இருக்கும்.

கரிசல்:
இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பின்பக்கம் தொட்டியோடு இருக்கட்டும். பார்வையாளர் பக்கம் முதல் அரை மீட்டரைக் கழற்றி நடுவதே மேல். இரண்டு மழை பெய்தால் பட்டைத்தூள் இறங்கி, கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு எட்டிப் பார்க்கும். கழற்றினால் வேர்க்கட்டியைச் சாய்க்கலாம், இரண்டை நெருக்கி ஒன்றுக்குள் ஒன்று பின்னலாம். ஜியத்துக்கும் கேரெக்ஸுக்கும் அந்த நெருக்கம் வேண்டும், தொட்டி வட்டத்துக்குள் நின்றால் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும்.

மட்டப்பலகை:
எப்படி நட்டாலும் வரிசை ஒன்றுதான்: மரம், பெரணி, புல், கடைசியில் பூ. பின்னாலிருந்து முன்னால், பலகை போட்டு அதன் மேல் மண்டியிட்டு. லாரிக் கணக்கையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். டேனிஷ் டிராலி (செடி ஏற்றும் சக்கர அடுக்கு) தட்டு 1350×565 மி.மீ, 2 லிட்டர் தொட்டி நெருக்கி வைத்தால் 21, இலை கசங்காமல் வைத்தால் 18. டிராலிக்கு மூன்று தட்டு என்றால் 290 செடிக்கு ஆறு டிராலி. பெரணிக்கு ஒரு தட்டைக் கழற்ற வேண்டிவரும், ஏழு என்றே சொல்லி வையுங்கள். மூடிய லாரி கேளுங்கள். நெடுஞ்சாலைக் காற்று திறந்த வண்டியில் பெரணிக் குருத்து ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது.