டர்போ டீசல் காரின் இன்டேக் குழாயில் எஞ்சின் ஆயில்: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – நெடுஞ்சாலைப் பயணி

வணக்கம். என் டர்போ டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் ஆயில் கசிந்து, அதில் தூசி அப்பிக் கறுத்துக் கிடக்கிறது. கழற்றிப் பார்த்ததில் ஹோஸின் உட்புறமும் நனைந்திருந்தது. புகையோ இழுவைக் குறைவோ இல்லை. பணிமனையில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பா) பொருத்தினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் – ஸ்பேனர் சாமி

இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேர்ந்து, ஆயில் துளிகளையும் தூக்கிக்கொண்டு பிரீதர் ஹோஸ் வழியாக, காற்று நுழையும் இன்டேக்குக்கே திரும்புகிறது. அந்த வாயுவை வெளிக்காற்றில் விடாமல் எஞ்சினிலேயே எரித்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆகவே ஹோஸின் உட்புறம் மெல்லிய பூச்சாக ஆயில் படிந்திருப்பது நோய் அல்ல. தேங்கி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடத்திலிருந்து டர்போவின் வாய் வரையுள்ள குழாயைத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பகுதி மறுபடி நனைந்திருந்தால் ஆயில் பிரீதர் வழியாக வருகிறது. அது உலர்ந்திருக்க, டர்போவுக்கு அப்பால் மட்டும் ஈரமிருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் டர்போதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற சிறு வளையம். இரு புறமும் அழுத்தம் சரியாக இருந்து, ஆயில் தன் எடையாலேயே ரிட்டர்ன் குழாயில் இறங்கினால்தான் அது தாங்கும். ரிட்டர்ன் குழாய் கரிபிடித்து அடைத்திருந்தாலோ, கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியிருந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்து உறிஞ்சல் கூடியிருந்தாலோ புதிய டர்போவும் கசியும். இவற்றைப் பார்க்காமல் டர்போவை மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

பதில் – மலைப்பாதை

கேட்ச் கேன் பற்றி மட்டும் சொல்கிறேன். உள்ளே தடுப்புத் தகடோ எஃகு வலையோ இல்லாத மலிவான கேன் வெறும் டப்பாதான். ஆயில் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். அதன் ஹோஸ் அசல் ஹோஸைவிடக் குறுகலாக இருந்தால் கிராங்க் கேஸ் அழுத்தம் கூடி, நீங்கள் தடுக்க நினைத்ததையே வரவழைக்கும். நிரம்புமுன் வடிக்கவும் வேண்டும். இன்டேக் வால்வில் கரி படியும், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினுக்கும், புகையின் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பும் இஜிஆரின் புகைக்கரியோடு ஆயில் கலந்து மேனிஃபோல்டில் தார்போல் ஒட்டும் டீசல் எஞ்சினுக்கும் நல்ல கேன் ஓரளவு உதவும். தேய்ந்த ரிங்கை அது சரிசெய்யாது. ஹோஸைக் கழற்றி வெளிக்காற்றில் விடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மாசு விதிக்கும் ஆகாது, எஞ்சின் அறையெங்கும் ஆயில் தெறிக்கும்.

நெடுஞ்சாலைப் பயணி

இருவருக்கும் நன்றி. துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில் டர்போவுக்கு முன்புள்ள குழாயே நனைந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் நிற்கிறது. கடந்த சர்வீஸுக்குப் பிறகு நான் ஆயில் ஊற்றவே இல்லை.

பதில் – ஸ்பேனர் சாமி

அப்படியானால் அங்கிருந்தே தொடங்குங்கள். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கி பிரீதருக்கு அனுப்பும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள காரில், அதைச் சுத்திகரிக்கச் செலுத்தப்படும் டீசல் ஆயிலில் கலந்தும் அளவு ஏறும். டீசல் வாடை அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் முழுவதுமாக மாற்றுங்கள். இல்லையேல் மிகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து, இரு கோடுகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். வால்வு கவரில் உள்ள ஆயில் பிரிப்பானையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எது செய்தாலும் இன்டர்கூலரைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள். நிறையத் தேங்கினால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடக்கூடும்.