27 பேருக்கு அதிரசம்: பாகு வைப்பதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இந்தத் தீபாவளிக்கு மகன்கள், மகள்கள், கொழுந்தனார் குடும்பம், பேரப்பிள்ளைகள் என 27 பேர் கும்பகோணம் அருகிலுள்ள எங்கள் வீட்டில் கூடவிருப்பதால், 72 வயதான நான் முறுக்கையும் மைசூர்பாகையும் மருமகள்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதிரசத்தை மட்டும் (அதை யாரிடமும் விட மனம் வரவில்லை) என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு 4 கிலோ மாவுக்கும் ஒரே உருளியில் பாகு காய்ச்சியதில், தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது உருட்ட வந்த பாகு, மாவைக் கொட்டிக் கிளறி முடிப்பதற்குள் அடியில் இறுகிவிட்டது. “பாட்டி, இது வரட்டியா?” என்று கடைக்குட்டிப் பேரன் கேட்டேவிட்டான். ஒவ்வொரு கிலோவாகப் பாகு வைத்துக் கிளறிய மாவை ஒன்றாகச் சேர்த்து வைக்கலாமா என்பதையும், எத்தனை நாள் முன்பே கிளறி வைக்கலாம் என்பதையும், பெரிய அளவில் செய்து பழகியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.