முன்கவை: கழற்றலும் பூட்டலும்

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் முன்மொழியப்பட்ட 'அதிர்வுத்தாங்கி' எனக்கு நிறைவளிக்கவில்லை. அது பின்சக்கரத்து ஷாக் அப்சார்பருக்கும் பொருந்துவதோடு, சக்கரத்தை இருபுறமும் பற்றித் திருப்புகிற வேலையைச் சொல்லாமல் விடுகிறது. 'முன்கவை' என்பது என் பரிந்துரை; கவை என்றால் இரண்டாகப் பிரிந்து நிற்பது. பள்ளி இயற்பியலில் நாம் படித்த 'இசைக்கவை'யில் இருப்பதும் இதே கவைதான். 'கவட்டை' என்றால் பட்டறையில் சிரிப்பார்கள். கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவைத் தாண்டினால் சாலை பிரியுமிடத்தை மலையாளத்தில் 'கவல' என்பதால், செங்கோட்டைக்காரனான எனக்கு இந்த வேர்மீது கூடுதல் பற்று உண்டு.

பெயரைவிட வினைதான் சிக்கல். ஒரு தமிழாக்கக் கையேட்டில் 'முன் முட்கரண்டியை அகற்றி மறுநிறுவல் செய்க' என்றிருந்ததை எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். "அகத்திட்டுப் புதுசு போடணுமா, அண்ணாச்சி?" என்று கேட்டார். பட்டறையில் கழற்றுவார்கள், பூட்டுவார்கள். முன்கவையின் இரு கால்களையும் குறுக்கே பிடிக்கும் பாகத்துக்குக் குழு நண்பர் சொன்ன 'நுகம்', 'பூட்டு' என்ற வினையோடு அழகாக இசைகிறது. இரண்டு மாடுகளை ஒரு நுகத்தடியில் பூட்டுவதைப் போலத்தானே இதுவும்!

சொற்கள் தேறுகின்றனவா என்று எழுதிப் பார்த்தேன்:

'எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பிரேக் காலிப்பர், அச்சு, சக்கரம், மட்கார்டு ஆகியவற்றைக் கழற்றுக. கவைக்காலைப் பிரிப்பதானால், மேல்நுகத்தின் போல்ட்டைத் தளர்த்தியபின், கீழ்நுகம் காலை இறுகப் பிடித்திருக்கும்போதே, தலைமூடியைச் சற்று இளக்குக. பிறகு ஒரு கையால் காலைத் தாங்கிக்கொண்டு கீழ்நுகத்தைத் தளர்த்தி, மெல்லத் திருகியபடி கீழ்நோக்கி உருவுக. பூட்டும்போது இரு கால்களும் மேல்நுகத்துக்கு மேலே ஒரே அளவு நீட்டி நிற்க வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி முன்கவையை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, கால்கள் நேராக அமர்ந்தபின் அச்சைப் பிடிக்கும் போல்ட்டை முடுக்குக.'

படித்துக் காட்டியபோது மெக்கானிக் எங்கும் குறுக்கிடவில்லை. 'தலைமூடி' வந்த இடத்தில் மட்டும் 'கேப்தானே' என்று உறுதிசெய்துகொண்டார்.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், ஹேண்டில்பார் எளிதாகத் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் ஆகிய இரண்டின் பெயர்களையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மேலும் கீழும் வழுக்கும் பாகங்களுக்கு 'உள்தண்டு, வெளித்தண்டு' என்ற முன்மொழிவை மட்டும் ஏற்க இயலவில்லை. சுருள்வில்லும் எண்ணெயும் உள்ளே இருக்கையில் அவை தண்டாக முடியாது. உட்குழல், புறக்குழல் என்றே எழுதுவோம்.