பாட்டியின் சிவப்புப் பாசிமணி

மாலதி அத்தை: (படம்) அம்மாவின் தகரப் பெட்டியைத் துடைத்தபோது கிடைத்தது. செங்கல் நிறப் பாசிமணி. நூல் இற்றுப்போயிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

கார்த்தி: வேண்டாம் அத்தை! புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் மணி இது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை!

பெரியப்பா: படத்தைப் பார்த்து வயது சொல்ல இதென்ன ஜோசியமா? மாலதி, பூதக்கண்ணாடி வைத்துப் பார். மணியின் மேலே நுண்கோடுகள் தெரியும். அவை துளையின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடுகின்றனவா, துளையைச் சுற்றி வளைகின்றனவா?

செல்வி: கோட்டில் என்ன இருக்கிறது பெரியப்பா?

பெரியப்பா: எல்லாமே அதில்தான். இழுத்துச் செய்த மணியில் கோடு நீளவாக்கில் ஓடும்; கம்பியில் சுற்றிச் செய்ததில் துளையைச் சுற்றி வளையும். அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு மெல்லிய நீண்ட குழாயாக இழுத்தார்கள். ஆறியதும் நறுக்கி, கூரான விளிம்பு மழுங்கச் சாம்பலோடு சூடாக்கிப் புரட்டினார்கள். ஒரு குழாயிலிருந்து எத்தனை மணி என்று நினைத்துப் பார். உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றினால் ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும்.

கார்த்தி: அதனால்தான் அரிக்கமேட்டு மணி கப்பல் ஏறியதா?

பெரியப்பா: ஆமாம். ஒரு சிறு பையில் ஆயிரம் மணி அடங்கும், அழுகாது, யாருக்கும் பிடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைத்திருக்கிறது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம் போன்ற இடங்களிலும் இதே முறையில் செய்தார்கள். பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இதற்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகளுக்குத்தான் பேரும் புகழும். எனக்கென்னவோ இந்தக் கடுகளவு மணிதான் பெரிது.

செல்வி: சிவப்பு எப்படி வந்தது?

பெரியப்பா: செம்பால். உலையில் காற்றைக் குறைத்தால்தான் இந்தச் சிவப்பு. காற்று கூடினால் அதே செம்பு பச்சையோ நீலமோ ஆகிவிடும். கைப்பக்குவம்!

மாலதி அத்தை: பார்த்துவிட்டேன் அண்ணா. நூல்கண்டில் நூல் சுற்றியது போலத் துளையைச் சுற்றித்தான் கோடு.

பெரியப்பா: அப்படியானால் கம்பியில் சுற்றிய மணி. கார்த்தி, உன் அரிக்கமேடு போயிற்று.

கார்த்தி: கோடு நீளவாக்கில் இருந்திருந்தால்?

பெரியப்பா: அப்போதும் வயது உறுதியில்லை. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் லடா என்ற இரும்புக் குழாயைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டிலும் இப்படித்தான் இழுத்தார்கள்.

செல்வி: அத்தை, புது நூலில் கோத்து எனக்குத் தாருங்கள்.

கார்த்தி: என் நண்பர்கள் குழுவில் ‘எங்கள் வீட்டில் அரிக்கமேட்டுப் புதையல்’ என்று போட்டுவிட்டேனே!

பெரியப்பா: ஓடிப்போய் அழித்துவிடு.